மீதி 364 நாட்கள்

(சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தை முதல் நாள் பொழுது விடியும் முன்பே மதுரையின் அவனியாபுரம் – திருப்பரங்குன்றம் சாலை ஜல்லிக்கட்டுக்காக அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது. இருபுறமும் தடுப்புகள் எழும்புகின்றன. தார் ரோட்டின் மேல் தேங்காய் நார் கொட்டிப் பரப்புகிறார்கள். மாடு அணையப் போகிற பையன் இணையத்தில் முன்பதிவு செய்திருக்க வேண்டும், வயதுச் சான்று காட்ட வேண்டும், டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வந்தவன் அப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான். காளையைக் கால்நடை மருத்துவர் பார்க்கிறார். 108 வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கலெக்டர், போலீஸ் கமிஷனர், மாநகராட்சி அதிகாரிகள் எல்லோரையும் ஒரே தெருவில் பார்க்க முடிகிற நாள் அது. இவ்வளவு செய்தும் ஆபத்து முழுதாக விலகுவதில்லை. 2025 பொங்கலன்று இதே களத்தில் மாடு முட்டி ஓர் இளைஞர் இறந்தார்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்ப் பையன்களின் உயிரைக் காக்க அரசும் ஊரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, பணம் ஒதுக்கி, ஆள் போட்டு வேலை செய்ய முடியும் என்பதற்கு இந்த ஒரு நாள் போதுமான சாட்சி. அந்த அக்கறைதான் மறுநாள் காலையில் தடுப்புக் கம்புகளோடு லாரி ஏறிப் போய்விடுகிறது. மீதி 364 நாட்களும் அதே பையன்கள், அவர்களுடைய தங்கைகள், பள்ளிக்கூடம் விட்டபின் எங்கே இருக்கிறார்கள், யார் கண்ணில் இருக்கிறார்கள்? இன்றைய பேச்சுக்குப் பொருள் அதுதான்.

பாலமேட்டில் ஜல்லிக்கட்டு நடப்பது மஞ்சமலை ஆற்றுத் திடலில். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் 2024 ஜனவரி 24 அன்று ஒரு பெரிய அரங்கமே திறக்கப்பட்டது. அவனியாபுரத்தில் மட்டும் உலகம் திரும்பிப் பார்க்கிற விளையாட்டு பஸ் போகிற ரோட்டில்தான் நடக்கிறது. திருவிழாவுக்கே தெருதான் களம் என்றால், தினசரி விளையாட்டுக்கு எது களம் என்று கேட்க வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது. மதுரை வட்டாரத்துக் கிராமங்களில் மந்தை என்று ஓர் இடம் உண்டு. ஊர் மாடுகள் கூடுகிற பொட்டல். அதன் ஓரத்தில் ஒரு வேம்போ ஆலமரமோ. அதன் அடியில் திண்ணை. இளவட்டக்கல் தூக்கியதும் சடுகுடு ஆடியதும் சிலம்பம் சுற்றியதும் அங்கேதான். திண்ணையில் தாத்தாக்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் அவர்கள் சும்மா இருந்ததில்லை. எந்த வீட்டுப் பையன் யாரோடு சேர்கிறான், எவன் இரண்டு நாளாக மந்தைப் பக்கமே வரவில்லை, வெளியூர் ஆள் எதற்காக இங்கே சுற்றுகிறான் என்று எல்லாம் அவர்கள் கணக்கில் இருந்தது. சம்பளம் வாங்காத காவல் அது. அதே மந்தையில் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இடம் இருந்ததா என்றால், இல்லை. பழையதை நினைத்து ஏங்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பிறகு ஊர் வளர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் அவனியாபுரம் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 90,000. அதே ஆண்டு அது மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகவும், சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராகவும் விரிந்தது. வயல் மனையானது, மனை வீடானது, வீட்டின் மேல் மாடி ஏறியது. மந்தை மட்டும் எந்தப் பட்டாவிலும் இல்லாமல் மெதுவாகக் கரைந்தது.

இன்றைய பையன் கண்மாய்க்குப் போகிறான். தண்ணீர் வற்றிய மாதங்களில் கண்மாய்க்குள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவது மதுரையைச் சுற்றி எங்கும் பார்க்கிற காட்சி. ஐப்பசி, கார்த்திகையில் அதே இடத்தில் தண்ணீர் நிற்கும். மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. 2023இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 5 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளின் இறப்புக் காரணங்களில் அதற்கு மூன்றாம் இடம்.

கண்மாய் இல்லாவிட்டால் ரோடு. 5 முதல் 29 வயதுவரை உள்ளவர்களை உலகில் அதிகம் கொல்வது சாலை விபத்து. விமான நிலையம் போகிற சாலையும் புறவழிச் சாலையும் அகலமாக, வழவழப்பாக இருக்கின்றன. அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்க்க இதைவிட வசதியான இடம் பதினாறு வயதுக்குக் கிடைக்காது. 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டுவரை சிறையும் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது; பைக் சாவியும் ஆணியில்தான் தொங்குகிறது.

ரோடும் இல்லாவிட்டால் பெட்டிக்கடை முக்கு. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். இவ்வளவு இருந்தும், 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொருள் பள்ளி மாணவர்களிடம் பரவுவதைக் கண்டு, அதைப் பாதுகாப்பற்ற உணவு என்று ஏன் நாடு முழுவதும் அறிவிக்கக் கூடாது என்று கேட்க வேண்டியிருந்தது.

இந்த மூன்று இடங்களிலும் ஆபத்து நடமாடும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளி விடுகிற நாலரை மணிக்கும் அப்பா அம்மா வேலை முடிந்து வீடு திரும்புகிற ஏழரை மணிக்கும் நடுவே உள்ள நேரம். அமெரிக்க நீதித்துறையின் சிறார் நீதிப் பிரிவு பல ஆண்டுகளாகச் சேர்த்த புள்ளிவிவரமும் இதையே காட்டுகிறது: பள்ளி நாட்களில் சிறுவர்கள் செய்யும் வன்குற்றம் உச்சத்தில் இருப்பது நள்ளிரவில் இல்லை, பிற்பகல் மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் இடையில், பள்ளிமணி அடித்த கையோடு.

இதற்கு எல்லோரும் சொல்கிற மருந்து ஒன்று உண்டு: ‘ஒரு மைதானம் கட்டிவிட்டால் பையன்கள் கெட்டுப்போக மாட்டார்கள்.’ மேடையில் கைதட்டு வாங்கும் வாக்கியம். பாதிதான் உண்மை.

சுவீடனில் ஜோசப் மஹோனி, ஹோகன் ஸ்டாட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த நாட்டில் பதின்வயதினருக்கென்று அரசே நடத்தும் இளைஞர் மையங்கள் உண்டு. பில்லியர்ட்ஸ் மேசை, தொலைக்காட்சி, பாட்டு, உட்கார்ந்து பேச இடம், எல்லாம் இருந்தன. ஒழுங்கான பயிற்சியோ, இன்ன நேரத்தில் இன்னது என்ற திட்டமோ கிடையாது. தெருவில் நிற்பதைவிட இங்கே இருப்பது மேல் என்பதுதான் அரசின் எண்ணம். ஆய்வில் தெரிந்தது நேர்மாறு. இந்த மையங்களுக்குப் போன பிள்ளைகளிடம் ஒழுங்கீனம் அதிகமாக இருந்தது. பயிற்சியாளரும் கால அட்டவணையும் உள்ள குழுக்களில் சேர்ந்தவர்களிடம் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டு வந்த தொடர் ஆய்வு, பதிமூன்று வயதில் அங்கே போய்வந்த பையன்களை முப்பது வயதுவரை பின்தொடர்ந்தது. குற்றப் பதிவிலும் அதே போக்குதான். ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்த பையன்கள் ஒன்றுகூட அரசே கூரை போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

ஐஸ்லாந்து இதன் மறுபக்கம். 1998இல் அந்த நாட்டின் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியிருந்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தார்கள். நடுவில் என்ன நடந்தது? வாரத்தில் நாலு நாளாவது ஒழுங்கான பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளின் பங்கு 24 விழுக்காட்டிலிருந்து 42 ஆக உயர்ந்தது. விளையாட்டுக் கட்டணத்துக்குக் குடும்பங்களுக்கு நகராட்சி பணம் கொடுத்தது. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேலும், கோடையில் நள்ளிரவுக்கு மேலும் வெளியே நிற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஆண்டுதோறும் பள்ளிகளில் கருத்துக் கேட்டு, முடிவை அந்தந்த ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகை நாலு லட்சத்தைத் தொடாது என்பதையும், அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அவர்கள் செய்ததில் பாதி, பணம் கேட்காத வேலை என்பதையும் மறக்க வேண்டாம்.

1943இல், ஜெர்மன் படை பிடித்திருந்த டென்மார்க்கில், கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் ஒரு மைதானம் திறந்தார்கள். ஊஞ்சல் இல்லை, சறுக்கு இல்லை. பழைய பலகை, செங்கல், ஆணி, சுத்தியல் என்று வெறும் கழிபொருள்தான். நிலவடிவமைப்பாளர் சி. டி. சோரன்சன் அப்படித்தான் யோசித்திருந்தார். ஆனால் முதல் நாளிலிருந்தே அங்கே ஓர் ஆளைச் சம்பளத்துக்குப் போட்டிருந்தார்கள். ஜான் பெர்டெல்சன் என்ற அந்த ஆளின் வேலை, பிள்ளைகளோடு இருப்பது. நம் ஊரில் நடப்பது தலைகீழ். லட்சக்கணக்கில் உபகரணம் வாங்கிப் பதித்து, பெயர்ப்பலகை திறந்து, கேட்டுக்கு ஒரு பூட்டு போட்டு, சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய அமெரிக்க நகரங்கள் பற்றிய நூலில் இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறார். கடைக்காரரும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கிற நடைபாதையிலிருந்து பிள்ளைகளை எடுத்து, யாரும் எட்டிப்பார்க்காத மைதானத்தில் விடுவது அவர்களை ஆபத்தில் தள்ளுவது என்பது அவர் வாதம். மந்தைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது.

தமிழ்நாட்டு உதாரணத்துக்கு வருவோம். வட சென்னையின் வியாசர்பாடி என்றாலே போலீஸ் செய்தி மட்டும் நினைவுக்கு வந்த காலம் உண்டு. அங்கே 1997இல் உமாபதி என்பவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தர ஆரம்பித்தார்கள். எஸ்.சி.எஸ்.டி.இ.டி.எஸ். என்று நீளும் அவர்களுடைய அமைப்பின் முழுப்பெயரிலேயே விளையாட்டோடு கல்வியும் இருக்கிறது. வியாசர்பாடியில் பிறந்த தனபால் கணேஷ் பிற்பாடு சென்னையின் எஃப்.சி. அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடினார். பெரிய ஆட்டக்காரர் உருவானது நல்ல செய்திதான். அதைவிடப் பெரிய செய்தி, பெரிய ஆட்டக்காரர் ஆகாத நூற்றுக்கணக்கான பையன்கள். மாலையில் ஓர் அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டு ‘நேத்து ஏன்டா வரல?’ என்று கேட்கிற இடம் அவர்களுக்கு இருந்தது. மந்தை செய்த வேலை அதுதான்.

சென்னையின் கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் இருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களைக் கொண்டுபோய்க் குவித்த குடியிருப்பு. அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்ற நிலை இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடினார். ஊர்ப் பூங்காவில் பயிற்சி எடுத்து வந்த பெண் அவர்.

மதுரைக்கும் ஒரு கதை உண்டு. சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். காலில் ஷூ இல்லாமல் ஓடியவர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க உதவியிருக்காவிட்டால் அந்த ஓட்டம் ஊருக்குள்ளேயே முடிந்திருக்கும். பயிற்சி நடந்தது ரேஸ்கோர்ஸ் மைதானத்தில். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்த ஊர் இது. நல்ல மைதானம் இருக்கிறது. அவனியாபுரத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை நகரின் தென்கோடியிலிருந்து வடக்கே ரேஸ்கோர்ஸ்வரை தினமும் பஸ் ஏறிப் போய், இருட்டியபின் திரும்பி வருவாளா என்பதுதான் கேள்வி. நடந்து போகிற தூரத்தில் இல்லாத மைதானம் எந்த ஊருக்கும் காவல் ஆகாது.

பெண் பிள்ளைகள் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் ‘இளைஞர்’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் பையன்களைத்தான் நினைக்கிறோம். 1990களில் வியன்னா மாநகராட்சி தன் பூங்காக்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காக்களிலிருந்து காணாமல் போவது தெரிந்தது. யாரும் தடுக்கவில்லை. பெரிய மைதானம் ஒன்றே ஒன்று இருந்தால் அதைப் பந்து வைத்திருக்கிற பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் காரணம். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றிப் பார்த்தார்கள். ஒரே பெரிய திடலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். வாலிபால், பேட்மிண்டன் ஆட இடம் விட்டார்கள். நடைபாதை போட்டார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இங்கே அதோடு இன்னும் இரண்டு சேர வேண்டும்: பூட்டாத கழிப்பறை, மங்காத விளக்கு. மதுரை வெயிலில் ஐந்து மணிக்கு முன்னால் யாரும் ஆட முடியாது, ஆறரைக்கு இருட்டிவிடும். விளக்கில்லாத மைதானத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஆயுள். அதற்குப் பின் அது பாட்டில் உடைக்கிறவர்களின் இடம்.

மைதானத்துக்கென்றே உள்ள ஆபத்தையும் மூடி மறைக்கக் கூடாது. பிள்ளைகள் கூடுகிற இடத்தைத் தவறான ஆட்களும் தேடி வருவார்கள். பயிற்சி தருகிறேன் என்று வருபவர் யார், அவரை யார் விசாரித்தது, ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க அவருக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்பது அவமரியாதை இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் 1098 என்ற உதவி எண்ணும் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்தது சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. தெருவுக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு பனியன் நிறம் என்று போனால் மைதானம் சண்டையைத் தணிக்காது, தேதி குறித்துக் கொடுக்கும். கபடிக் குழுவில் ஏழு பேரும் ஏழு தெருவிலிருந்து வரும்படி அணி பிரிப்பது பயிற்சியாளரின் கையில் இருக்கிற சின்ன வேலை. பெரிய பலன்.

நிலம் எங்கே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர் பத்து விழுக்காடு நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வது அதைத்தான். வரைபடத்தில் பச்சை நிறத்தில் ‘பூங்கா’ என்று போட்டு மனை விற்றிருப்பார்கள். பிறகு அங்கே ஒரு கொட்டகை வரும், ஒரு தண்ணீர்த் தொட்டி வரும், ஒரு வேலி வரும். பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை வேறு காரியத்துக்கு, அது ஆஸ்பத்திரியாகவே இருந்தாலும், தனியாருக்கு மாற்றித்தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில், எங்கள் வார்டில் எத்தனை ஓ.எஸ்.ஆர். இடம், ஒவ்வொன்றின் சர்வே எண் என்ன, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொரு வழி, ஏற்கெனவே இருக்கிற பள்ளி மைதானங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டிடம் கட்டாயம் என்கிறது. மாலை ஐந்துக்கு மேல் அந்த இடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. நியூயார்க் நகரம் 2007இல் தொடங்கிய திட்டத்தில் பள்ளி முற்றங்களை மாலையிலும் விடுமுறையிலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது. தலைமையாசிரியருக்கு இருக்கிற பயம் நியாயமானது: ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு? அந்தப் பொறுப்பை மாநகராட்சி எழுத்தில் ஏற்றுக்கொண்டு, காவலுக்கு ஓர் ஆளையும் கொடுத்தால்தான் பூட்டு திறக்கும்.

இதில் அவனியாபுரத்துக்கென்று தனி நியாயம் ஒன்று இருக்கிறது. கிராம ஊராட்சிகளுக்கு அரசு விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கிறது. மாநகராட்சி வார்டான இந்த ஊர் அந்தக் கணக்கில் வராது. கிராமத்துக்குரிய மந்தையும் போயிற்று, நகரத்துக்குரிய மைதானமும் முழுதாக வந்து சேரவில்லை. அதே சமயம் மதுரை நகரத்தின் குப்பை இந்தப் பகுதியின் வெள்ளைக்கல்லுக்கு வருகிறது. கழிவுநீர் இங்கே உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. நகரம் வேண்டாமென்று தள்ளுவதை எல்லாம் வாங்கிக்கொள்கிற பகுதி, பதிலுக்கு வார்டுக்கு ஒரு விளையாட்டிடமும், ஒவ்வொன்றிலும் மாலை ஐந்து முதல் எட்டுவரை இருக்க ஒரு பொறுப்பாளரும் கேட்டால் அது சலுகை ஆகாது. ஒரு நாள் ஜல்லிக்கட்டுக்குத் திரட்ட முடிகிற ஆள்பலத்தில் ஒரு சிறு துளியை ஆண்டு முழுவதற்கும் பிரித்துக் கொடுத்தால் போதும்.

மாநகராட்சிகளில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடுகின்றன. சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் பற்றியெல்லாம் அங்கே பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் மனைப்பிரிவின் வரைபட நகலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் பூங்கா என்று போட்டிருக்கிற இடத்தைக் காட்டி, இது இப்போது எங்கே இருக்கிறது, இதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.